ரெண்டா, வாத்தா?

எனக்கு உட்காரத் தெரியாது. பொதுச் சமையலறையில் எல்லாரும் என்னைப் பம்பரம் என்று கூப்பிடுவது அதனால்தான். காய் நறுக்குவது நின்றுகொண்டே, பொட்டலம் கட்டுவது நின்றுகொண்டே, போன் வந்தால் நடந்துகொண்டே. "காலைல உங்களை யாரும்மா சாட்டை சுத்தி விடுறது?" என்று எங்களோடு வேலை செய்கிற கண்டக்டர் ஒரு நாள் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். உட்கார்ந்தால் யோசனை வரும். யோசனை வந்தால் அழுகை வரும். நாற்பது கிலோ உருளைக்கிழங்கு தோலோடு காத்துக்கொண்டிருக்கும்போது அழுவதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை.

அந்த இடம் முன்பு டயர் கடையாக இருந்தது. மழை பெய்தால் இன்றைக்கும் சுவரிலிருந்து ரப்பர் வாசனை வரும், எவ்வளவு வெங்காயம் வதக்கினாலும் போகாது. சந்தையில் விலை போகாமல் கிடக்கிற காய்கறி, கடைகளில் தேதி முடியப்போகிற பருப்பு, அரிசி, இதையெல்லாம் கேட்டு வாங்கிவந்து சமைத்து, மத்தியானம் அங்கேயே மேஜை போட்டுப் பரிமாறுவோம். வந்து சாப்பிட முடியாதவர்களுக்குப் பொட்டலம் வீட்டு வாசலுக்கே போகும். சமைக்கிறவர், கழுவுகிறவர், தூக்குகிறவர் யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லாவற்றையும் நடத்துவது டீச்சர். நிஜமாகவே பள்ளிக்கூட டீச்சர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், குரல் மட்டும் இன்னும் பெறவில்லை. அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: சாப்பிடுகிறவரிடம் பேர் கேட்கக் கூடாது. "பசிக்கு எதுக்கு அட்டெண்டன்ஸ்?" என்பார்.

வீட்டு வாசல் லிஸ்ட் என் பொறுப்பு. அட்டையில் கிளிப் போட்ட ஒரு தாள். அதில் நாலு கட்டம்: வீடு, மாடி, பேர், குறிப்பு. குறிப்பில் 'மணி அடிக்காதே, குழந்தை தூங்கும்', 'உப்பு ஆகாது', 'நாய் கடிக்காது என்பார்கள், நம்பாதே' என்றெல்லாம் இருக்கும். பேர் என்ற கட்டத்தில் வெறும் எண்தான். எத்தனை பேர் என்று எழுத இடம் போதவில்லை, பேர் என்று மட்டும் எழுதி கோட்டைப் போட்டுவிட்டேன். நாலு மாதமாக அதை யாரும் தப்பாகப் படிக்கவில்லை. காரணம், அதைப் படித்தவள் நான் ஒருத்திதான்.

லிஸ்டில் பதினொரு வீடு. ஒன்பதாவது வரி இப்படி இருக்கும்: சலவைக்கடைக்கு எதிர்க் கட்டடம், மூன்றாம் மாடி, 2. குறிப்பு ஒன்றும் இல்லை. அது என் வீடு.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே தொழிற்சாலையில் இருந்தோம். மோட்டார் உதிரிபாகம் செய்கிற இடம். அவர் கிடங்கில் ஸ்டோர் கீப்பர், நான் பேக்கிங். கையெழுத்து இல்லாமல் அவர் கிடங்கிலிருந்து ஒரு ஆணிகூட வெளியே போகாது. முதலாளியின் மருமகனே வந்து நின்றாலும், "பேர் எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்" என்பார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அனுப்பிய பேக்கிங் சீட்டு ஒன்று திரும்பி வந்தது. நான் எழுதிய 2-ஐ வட்டமிட்டு ஓரத்தில், 'இது ரெண்டா, வாத்தா?' என்று எழுதியிருந்தார். என் ரெண்டு அப்படித்தான், கழுத்தை நீட்டி வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த சீட்டில் ரெண்டுக்குக் கண்ணும் அலகும் வரைந்து அனுப்பினேன். எங்கள் கல்யாணம் அந்த வாத்தில்தான் ஆரம்பித்தது.

ஏழு மாதத்துக்கு முன்பு தொழிற்சாலையை மூடினார்கள். ஒரே நாளில் ரெண்டு பேருக்கும் வேலை போனது. தூரத்தில் இருக்கும் மகள் அனுப்புவது வாடகைக்கும் அவருடைய சர்க்கரை மாத்திரைக்கும் சரியாகப் போய்விடும். வயிற்றுக்குத்தான் வழி தெரியவில்லை. எங்கள் நிலைமை எப்படியோ தெரிந்து மேல்மாடியிலிருந்து ஒரு நாள் ஒரு தட்டு சாப்பாடு வந்தது. "நாங்க சாப்பிட்டாச்சுங்க" என்று என் வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு அதை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு குளியலறையில் விழுந்தார். நெற்றியில் மூன்று தையல். தையல் போட்ட டாக்டர் அவரிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார். "மாத்திரை போட்டா சாப்பிடணும்மா. சாப்பிடாம இன்னொரு தடவ விழுந்தா எழுந்திரிப்பாருன்னு நான் சொல்ல மாட்டேன்."

அந்த வாரமே பொதுச் சமையலறை வாசலுக்குப் போனேன். சாப்பாடு கேட்கத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் டீச்சர், "வாங்க வாங்க, ஆள் குறையுதேன்னு இப்பத்தான் பேசிட்டு இருந்தோம்" என்று ஒரு கத்தியைக் கையில் கொடுத்து முட்டைக்கோஸ் மூட்டைக்கு முன்னால் நிறுத்திவிட்டார். கேட்க வந்தவள் கொடுக்கிறவள் ஆகிவிட்டேன். அதற்கப்புறம் எந்த வாயால் கேட்பது? பத்து நாளில் லிஸ்ட் என் கைக்கு வந்தது. மறுநாள் ஒன்பதாவது வரியை எழுதினேன்.

வீட்டில், ஒரு ஆபீஸ் கேன்டீனில் வேலை கிடைத்தது, இப்போதைக்குச் சம்பளம் இல்லை, சாப்பாடு கொடுத்துவிடுகிறார்கள் என்றேன். "உழைச்சதுக்குக் குடுக்கிறதுதானே, அது நம்ம சாப்பாடு" என்று அவர் தட்டை இழுத்துக்கொண்டார். சமையலறையில், சாப்பிட்டுப் போங்களேன் என்று டீச்சர் தினமும் கையைப் பிடித்து இழுப்பார். வீட்டில் சமைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நழுவிவிடுவேன். வீட்டில் கேன்டீன் அடுப்பு, சமையலறையில் வீட்டு அடுப்பு, ரெண்டையும் என் வாயாலேயே பற்றவைத்தேன். ஒன்றரை மணிக்கு ரெண்டு பொட்டலத்தோடு வீட்டுக்குப் போவேன். அவர் உட்கார்ந்து சாப்பிடுவார், நான் அலமாரியில் சாய்ந்து நின்றபடியே சாப்பிடுவேன். மனுஷன் தேறிவிட்டார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி மூடிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு வியாழக்கிழமை. வேன் டிரைவரோடு சந்தைக்குப் போயிருந்தேன். எட்டுப் பெட்டி தக்காளி, அதில் ரெண்டு பெட்டி நசுங்கல். திரும்பும் வழியில் மேம்பாலம் ஏறும் இடத்தில் வேன் டயர் உட்கார்ந்துவிட்டது. மாற்று டயரும் காற்றில்லாமல் இருந்தது. "டயர் கடையிலேயே குடியிருக்கோம், ஒரு டயர் உருப்படியா இல்ல" என்று டிரைவர் தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேனைச் சுற்றி நான் நாலாவது தடவை நடந்துகொண்டிருந்தபோது டீச்சர் கூப்பிட்டார்.

"பம்பரம், பதறாதீங்க. இங்க பொட்டலமெல்லாம் கட்டி முடிச்சாச்சு. உங்க சுத்துக்குக் கண்டக்டர் கெளம்பிட்டாரு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எதுக்கு டீச்சர்? நான் வந்துடுவேன்ல."

"ஒரு நாளாவது மூச்சு விட்டுட்டு வாங்க. பஸ்ல தினம் ஆயிரம் பேரைச் சமாளிச்சவரு, பதினோரு வீட்டைச் சமாளிக்க மாட்டாரா?"

"அவரு போன் நம்பரைக் குடுங்க."

"போன் இங்க சார்ஜ்ல கெடக்கு. மறந்து வெச்சிட்டுப் போயிட்டாரு."

கண்டக்டர் என்றால் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் பஸ்ஸுக்குள் கத்திய குரலை வீட்டில் வைக்க இடமில்லாமல் எங்களிடம் கொண்டுவந்துவிட்டார். சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பரிமாறும்போதுகூட வரிசையைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் காலியா இருக்கு" என்பார். தங்கமான மனுஷன். ஆனால் அவர் ஒரு வாசலில் பேசினால் மூன்று மாடிக்குக் கேட்கும். அந்தக் குரல் என் வீட்டு வாசலில் நின்று, பொதுச் சமையலறை சாப்பாடு என்று சொல்லப்போகிறது. அதோடு முடிந்தது. என் வீட்டுக்காரர் கதவைச் சாத்துவார், நாளையிலிருந்து நான் எதைக் கொண்டுபோனாலும் தொட மாட்டார், மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொள்வார். ஒழுங்கு தவறாத ஆளாயிற்றே.

வீட்டுக்குப் போன் பண்ணலாமா என்று யோசித்தேன். என்ன சொல்வது? கதவைத் திறக்காதீங்க என்றா? அப்படிச் சொன்னால் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார்.

"நீங்க தக்காளியைப் பாத்துக்குங்க" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். மேம்பாலத்துக்குக் கீழே பஸ் கிடைத்தது. பாதி சீட் காலி, நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்குப் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு சிக்னலிலும் நானே இறங்கிப் பின்னாலிருந்து தள்ளலாமா என்று இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது. என் வீடு ஒன்பதாவது. ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. முதல் ரெண்டு மூன்று வீட்டுக்குள் ஆளைப் பிடித்துவிடலாம்.

முதல் வீடு தையல்காரர். காலில் கட்டோடு ஜன்னல் ஓரத்தில் மிஷினுக்கு முன்னால் இருந்தார்.

"இன்னும் வரலையேம்மா. தினம் பன்னெண்டு மணிக்கு உங்க செருப்புச் சத்தம் கேக்கும். இன்னிக்கு அதைத்தான் எதிர்பாத்துட்டு இருக்கேன்."

ரெண்டாவது வீடு, அக்கா தங்கை ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் சரியாகக் கண் தெரியாது. அங்கேயும் வரவில்லை. கண்டக்டர் எங்கேயாவது நின்று யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார் என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. முப்பது வருஷம் டிப்போவிலிருந்து நேராகக் கடைசி ஸ்டாப்புக்குப் போய் அங்கிருந்து வண்டியைத் திருப்பின மனுஷன். இன்றைக்கும் கடைசியிலிருந்துதான் ஆரம்பித்திருப்பார். பதினொன்று, பத்து, அப்புறம் ஒன்பது. நான் எதிர்ப்பக்கம் ஓடிவந்திருக்கிறேன்.

சுருக்கு வழியில், சலவைக்கடையின் பின்பக்கமாகப் புகுந்து ஓடினேன். காயப்போட்டிருந்த ஆஸ்பத்திரிப் போர்வைகள் முகத்தில் ஈரமாக அடித்தன. சலவைக்காரர் என்னவோ கேட்டார், பதில் சொல்ல நிற்கவில்லை. பதினோராவது வீட்டுப் பெரியவர் கீழ்த்தளத்தில் வாசல்படியிலேயே பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். இன்னும் பிரிக்கவில்லை.

"என்னம்மா, இன்னிக்குப் பேரெல்லாம் கேக்குறாங்க?"

"பேரா?"

"ஆமா, பேர் எழுதணும்னாரு. நான் என் பேரையும் சொல்லி எங்கப்பா பேரையும் சேத்துச் சொல்லிட்டேன். ஒண்ணும் வம்பு வராதே? சாப்பிடலாம்ல?"

"சாப்பிடுங்கய்யா, ஒண்ணும் இல்ல" என்றேன். கட்டத்தில் பேர் என்று என் கையாலேயே எழுதியது அப்போதுதான் கண்முன் வந்தது.

பத்தாவது வீடு அடுத்த சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. ரெண்டு கைக்குழந்தைகளோடு ஒரு பெண். யாரிடமிருந்தோ தப்பி வந்திருக்கிறாள். யாரிடமிருந்து என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கதவில் ரெண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தட்டு, இதுதான் எங்களுக்குள் கணக்கு. தட்டினேன். கதவு விரலளவு திறந்தது.

"பேர் சொன்னாத்தான் சாப்பாடான்னு கேட்டேன்க்கா. எழுதிக்கணும்னாரு. வேணாம்னு சாத்திட்டேன்." என் தோளுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். "நான் இங்க இருக்கிறது வெளிய தெரியக் கூடாதுக்கா. உங்களுக்குத் தெரியும்ல."

"சாப்பாடு வரும். கால் மணி நேரம் பொறுத்துக்கோ. நானே கொண்டு வரேன்."

எனக்குக் கண்டக்டர் மேல் கோபம் வரவில்லை. கட்டத்தில் பேர் என்று இருந்தால் பேரைத்தான் கேட்பார்கள். 'எத்தனை' என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதச் சோம்பல்பட்ட என் கை மேல்தான் கோபம் வந்தது. அந்தச் சோம்பலுக்கு ஒரு தாயும் ரெண்டு பிள்ளைகளும் பட்டினி. அடுத்தது என் வீடு.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகி ஒரு வருஷம் ஆகிறது. படியில் ஏறினேன். முதல் மாடி, ரெண்டாம் மாடி. அதற்கு மேல் படி திரும்பும் இடத்தில் அந்தக் குரல் வந்து என் மேல் மோதியது.

"சாப்பாடு வந்திருக்கு சார். பொதுச் சமையலறைல இருந்து. ரெண்டு பொட்டலம்."

"வீடு மாறி வந்துட்டீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"சலவைக்கடைக்கு எதிர்க் கட்டடம், மூணாம் மாடி. இதானே சார்? நாலு மாசமா தினம் இங்க வருதாமே."

"இங்க யாரும் வர்றதில்லைங்க. என் மனைவி கேன்டீன்ல வேலை செய்யுறா. எங்களுக்கு அங்கேர்ந்து சாப்பாடு வந்துடும்."

இன்னும் பதினொரு படி. ஏறியிருக்கலாம். ஏறி, இது என்ன கலாட்டா, இவர் வீடு மாறி வந்துட்டார் என்று இன்னொரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அதுவும் வாயில் தயாராகத்தான் இருந்தது. கால்தான் வரவில்லை. நாலு மாதமாக நிற்காமல் ஓடின கால், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

"லிஸ்டுல இருக்கே சார். தப்பு எங்க பக்கந்தான். பாருங்க, பேர்னு கட்டத்தைப் போட்டு வெறும் நம்பரா எழுதியிருக்கு. லிஸ்ட் எழுதுற அம்மாவுக்குக் கால்ல சக்கரம். பேர் எழுதக்கூட நேரமில்லாம நம்பரைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்க பேரைச் சொன்னீங்கன்னா நான் நிரப்பிடுவேன்."

"குடுங்க, பாக்கலாம்."

மூக்குக்கண்ணாடிக் கூடு திறக்கிற சத்தம் கேட்டது. கிடங்கில் சீட்டு பார்க்கும்போது கேட்கிற அதே சத்தம். தாள் சரசரத்தது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

"இது ரெண்டா, வாத்தா?" என்றார்.

கண்டக்டர் கடகடவென்று சிரித்தார். "நானும் அதைத்தான் சார் யோசிச்சேன். அந்தம்மா எழுத்தே அப்படி."

"அந்தம்மாவுக்கு அங்க என்ன சம்பளம்?"

"சம்பளமா? எங்க யாருக்கும் அது கெடையாது சார். சும்மா வந்து செய்யுறதுதான். அந்தம்மா காலைல ஏழு மணிக்கு வந்தா ஒரு நிமிஷம் உக்கார மாட்டாங்க. ஒரு வாய் சாப்பிடவும் மாட்டாங்க. வீட்டுல சமைச்சு வெச்சிருக்கேன், வீட்டுக்காரர் காத்துட்டு இருப்பாருன்னு ஓடிடுவாங்க."

நாங்க சாப்பிட்டாச்சுங்க. அந்த வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வந்தால் கதவு மூடும். கதவு மூடினால் என் கதை அதோடு சரி. கீழே எந்த வீட்டிலோ குழாயைத் திறந்துவிட்டார்கள், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பேனா குடுங்க" என்றார்.

"நீங்க சொல்லுங்க சார், நான் எழுதிக்கிறேன்."

"இல்லைங்க. வாங்குறவன்தான் எழுதணும்."

அவருக்கு எழுதும்போது வாய்விட்டுச் சொல்கிற பழக்கம். கிடங்கில் பதிவேடு எழுதி எழுதி வந்தது. முதலில் தன் பேரை, முழுப் பேரை, முன்னெழுத்தோடு சொன்னார். அப்புறம் என் பேரைச் சொன்னார். வீட்டில் நான் எப்போதும் 'இந்தாம்மா'தான். அவர் வாயால் என் பேரைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மாடிப்படியில் அது மெதுவாக இறங்கி என்னிடம் வந்தது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நினைத்தபடியே அழுகையும் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

கண்டக்டர் பையை ஆட்டிக்கொண்டு இறங்கி வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"பம்பரம்மா? நீங்க எங்க இங்க? உக்காந்துட்டு வேற இருக்கீங்க. உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"இது என் வீடு அண்ணே."

அவர் என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், கையில் இருந்த தாளைப் பார்த்தார். அந்த மனுஷனுக்குத் தாழ்ந்த குரலும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மன்னிச்சுடும்மா. பேர்னு இருந்துச்சா, நானும்..."

"கட்டம் போட்டது நான். உங்க மேல தப்பில்ல."

"நான் கீழ வாசல்ல நிக்கிறேன். மெதுவா வாங்க" என்றார். நான் அவர் கையிலிருந்த தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒன்பதாவது வரியில் என் வாத்துக்குப் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே போகாமல், பொடி எழுத்தில் ரெண்டு பேர். குறிப்பு என்ற கட்டத்தில், 'இரண்டு பொட்டலம் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார், தேதியோடு.

கதவு திறந்தே இருந்தது. மேஜையில் ரெண்டு தட்டு வைத்து, ரெண்டு பொட்டலத்தையும் பிரித்துக் கொட்டியிருந்தார். பக்கத்தில் மாத்திரை. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கேன்டீன் எப்படி இருக்கு?"

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன்.

"நாலு மாசமா என்னை ஒரு நம்பரா எழுதி வெச்சிருக்க."

அதுவரைக்கும் பயந்துகொண்டிருந்தவளுக்கு அந்தப் பேச்சைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. "பேர் எழுதியிருந்தா சாப்பிட்டிருப்பீங்களா? மேல்மாடித் தட்டைச் சிரிச்சுக்கிட்டே திருப்பி அனுப்பினீங்களே, அப்புறம் குளியலறையில யாரு தூக்கினது? நாந்தான் தூக்கினேன். அந்த ரத்தத்தை நாந்தான் கழுவினேன். உங்க ரோஷத்தை என்னால காப்பாத்த முடியாதுங்க. எனக்கு நீங்க வேணும். அதுக்குப் பொய் சொன்னேன், நாளைக்கும் சொல்லுவேன்."

அவர் கை தானாக நெற்றித் தழும்புக்குப் போனது. கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப பேர் எழுதிட்டேன்ல. சாப்பிடுறேனா இல்லையான்னு உக்காந்து பாரு."

உட்கார்ந்தேன். அவர் பருப்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் எடுத்தார். அந்த முதல் வாய் உள்ளே இறங்க வெகுநேரம் ஆனது. ரெண்டாவது வாய் கொஞ்சம் சுலபமாகப் போனது. மூன்றாவதுக்குப் பிறகு, "உப்பு கம்மி" என்றார்.

"மூணாவது வீட்டுக்கு உப்பு ஆகாது. தனியா எடுத்து வைக்க மறந்து எல்லாத்துலயும் கொறைச்சுடுவாங்க."

"மறக்காம இருக்க அங்க ஒரு ஸ்டோர் கீப்பர் இல்ல போல" என்றார். எனக்கு நாலு மாதத்தில் முதல் தடவையாகச் சாப்பாடு ருசித்தது. அவர் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே வாசலில் கண்டக்டர் தொண்டையைக் கனைத்தார். எழுந்து கை கழுவினேன்.

"எங்க?"

"இன்னும் ஒம்பது வீடு இருக்கு. பத்தாவது வீட்டுப் பொண்ணு பேர் சொல்ல மாட்டேன்னு சாப்பாட்டையே திருப்பி அனுப்பிடுச்சு. ரெண்டு கைக்குழந்தை."

அவர் காலித் தட்டைப் பார்த்தபடி இருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டேன், அப்போதுதான் கூப்பிட்டார். இந்தாம்மா என்று இல்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பினேன்.

"பேரைச் சொல்லி எழுதுறதுக்குள்ள எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு" என்றார். "மத்தவங்ககிட்ட பேர் கேக்காம குடு."